கலத்தின் வகை

மூக்கையூர் அமலோற்பவத்தின் விண்ணப்பம்
மூன்றாம் முறையும் திரும்பி வந்தது.
கலத்தின் வகை என்ற கட்டத்தில்
கேட்டமரான் என்று ஆங்கிலத்தில் நிரப்பியவன் நான்.
சென்னையின் குறிப்பு, சிவப்பு மையில்:
இரண்டு உடல்களின் புகைப்படமும் தேவை.
நடுத்தளத்தின் அகலம் என்ன?
குளிர்சாதனம் இருந்ததா?

இருந்தது நாலு மரம்.
கச்சான் அடித்த ராத்திரியில்
மூன்றைக் கடல் எடுத்துக்கொண்டது.

மத்தியானம் அலுவலகத்தில்
அட்டை போன அகராதியைப் பிரித்தேன்.
நம் கரையில் எவனோ வெள்ளைக்காரன்
காதால் பொறுக்கிக்கொண்டு போன சொல்.
டகரத்தை மென்றிருக்கிறான்.
ம் இருந்த இடத்தில் ன் வைத்துத் தைத்திருக்கிறான்.
அங்கே போய் அது என்னென்னவோ ஆகியிருக்கிறது.
முதலில், மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. சரி.
அப்புறம், பிரெஞ்சுக் கப்பல்களின் அடிவயிற்றுக்கு
வெடிமருந்து அடைத்து அனுப்பிய பெட்டி.
அப்புறம், காசுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறும்
இரட்டை உடல் படகு
(சென்னை இந்த வரியோடு நிறுத்திவிட்டது).
கடைசியில், பொடி எழுத்தில்,
வழக்கொழிந்தது என்ற குறிப்போடு:
சண்டைக்காரி.

சாயல்குடியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது
ஏலக்கொட்டகையில் அவள்
காரல் விலைக்கு ஒரு வியாபாரியை
உப்புப் போடாமல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும் முறை எனக்கு.

'மரத்தையும் கட்டினேன்.
வருசம் தவறாம காசையும் கட்டினேன்.
உங்க ஆபீஸ் என் பேப்பரைத்தான்
கட்டி வச்சிருக்கு.'

நாலு அர்த்தங்களையும் சொன்னேன்.
நாலாவதைச் சொல்லும்போது
செருப்பில் ஒட்டிய மணலைப் பார்த்துக்கொண்டேன்.

'பொம்பளைக்கு ஏன் அந்தப் பேரு?'

அவர்கள் மொழியில் முதல் பாதி
பூனை மாதிரிக் கேட்கும் என்றேன்.
பூனை சீறுமே, அதனால் இருக்கலாம்.

'மீன் நாத்தத்துக்கு வந்திருக்கும் அந்தப் பூனை.'
வியாபாரியும் சிரித்துவிட்டான்.
அவன் சிரித்த நேரத்தில்
விலை நாற்பது ரூபாய் ஏறியது.

'அந்த வெடிமருந்துப் பொட்டி நல்லாருக்கு.
அதையே எழுதுங்க சார்,
சீக்கிரம் பதில் வரும்.'

சந்தியாகப்பர் கோயில் தாண்டி
மீந்த ஒற்றை மரம் கிடந்தது.
கயிறு அறுத்த தடம் அதன் இடுப்பில்
வெள்ளையாக.
மேலே யாருடையதோ பாவாடை காய்ந்தது.
அளந்தேன்: பதினெட்டடி.
கட்டு போனபின் அது
கட்டுமரத்தில் சேர்த்தியா,
விறகில் சேர்த்தியா?
என் அகராதியில் இல்லை.
அவளைக் கேட்கத் தைரியமும் இல்லை.

நாலாம் முறை விண்ணப்பத்தைத் தமிழில் எழுதினேன்.
கலத்தின் வகை: கட்டுமரம்.
உடல்கள்: இல்லை. மரங்கள் நாலு.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
அவள் கையெழுத்துப் போட்டாள்,
பேனா முனை தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்.

தபாலில் சேர்த்துவிட்டேன்.
இன்னும் பதில் இல்லை.
நேற்று அலுவலகத்துக்கு போன் செய்தாள்.
மேலதிகாரி எடுத்தார்.
வைத்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்,
'யாரய்யா அது?'

வாய் வரை வந்தது,
வழக்கொழியாத அந்த நாலாவது அர்த்தம்.