மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை

திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டு ஆஸ்பத்திரி,
இரண்டாவது தியேட்டர். ஏழே முக்கால்.
"ஊர்ப்பட்ட பாறையத் தொளைச்சவன் வயித்துக்குள்ள
கல்லு பாருங்க அம்மிணி" என்றபடி
மேசையில் ஏறிப் படுத்தார்
ராக்கியண்ணன், ஐம்பத்தேழு, ரிக் வண்டி டிரில்லர்.
சத்தீஸ்கரில் எண்ணூறு அடி,
ராய்ச்சூர்ப் பக்கம் ஆயிரத்து நூறு.

கையில் பட்டையைச் சுற்றினேன். இறுகியது.
"கம்ப்ரசருங்களா?"
சின்னது, என்றேன். அதோ கேஜ்.
நூற்று அறுபத்தெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு.
பயம்தான், வேறொன்றுமில்லை.

காலையில் பிரஷர் மாத்திரை போட்டீர்களா?
"இல்லீங்."
போட வேண்டாமென்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா?
"இருக்குதுங்."
காகிதத்தில் ஒரு டிக்.

பிறகு பால் நிறத்து மருந்து.
"கை காந்து..."
சொல்லின் மீதி உள்ளேயே தங்கிவிட்டது.
குழாய் இறக்கி, கண்ணிமைகளில் பிளாஸ்திரி ஒட்டி
மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்தேன்.

பட்டை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும்.
நூற்று நான்குக்கு அறுபது. இருக்கட்டும்.
தனசேகரன் வயிற்றில் காற்றை ஏற்றினார்,
தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்.
எண்பத்திரண்டுக்கு நாற்பத்து நான்கு.
மெஃபென்டெர்மின், ஆறு மில்லிகிராம்.

திரையில் அந்த எண் அப்படியே நிற்கிறது.
பழைய எண்.
நேற்றைய தபால் மாதிரி,
எழுதியவர் இப்போது எப்படி இருக்கிறாரோ.
பொறுக்காமல் பொத்தானை அழுத்தினேன்.

பட்டை ஏறியது. இறங்கியது. பாதியில் யோசித்து
மறுபடி ஏறியது.
எண் வரவேண்டிய இடத்தில்
மூன்று சிறு கோடுகள்.

மணிக்கட்டைத் தொட்டேன், கிடைக்கவில்லை.
கழுத்தில் விரலை அழுத்தி வைத்தேன்.
வெறும் வெள்ளைப் புழுதியே
பொங்கிக்கொண்டிருக்கும் குழியில்
சட்டென்று ஒரு பிடி ஈரமண் வருமே,
அவ்வளவுதான் இருந்தது.

"சார், காத்த விடுங்க."
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
தலைமாடு இறங்கியது, சலைன் பாட்டிலை
சுதாமணி இரண்டு கையாலும் பிழிந்தாள்.
மருந்து இன்னொரு முறை.
ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று.

சொட்டு ரத்தம் வெளியே போகவில்லை.
எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.
குழாய்கள் தளர்ந்து கிடக்கின்றன,
நெருக்கிப் பிடிக்கத்தான் ஆளில்லை.
அப்போது உறைத்தது:
இந்த ஆள் மாத்திரை போட்டிருக்கிறார்.

நார்அட்ரினலின். பம்பின் முள் நகர்வது
கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.
அறுபத்தாறு.
எழுபத்து நான்கு.
தொண்ணூற்றொன்றுக்கு ஐம்பத்திரண்டு என்று வந்தபோது
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.
"ஆரம்பிக்கலாமா?" என்றார் தனசேகரன்.
ஆரம்பித்தார்.

மூன்று கற்கள், மிளகைவிடப் பெரியவை,
பிளாஸ்டிக் டப்பியில் குலுங்கின.

விழிப்பறையில் பாதிக் கண் திறந்து கேட்டார்,
"எத்தன அடிங்க?"
திரையைப் பார்த்து, நூற்றுப் பதினெட்டு என்றேன்.
"அதுக்குள்ளயே தண்ணியா" என்று
மறுபடி தூங்கிப்போனார்.

வெளியே பெஞ்சில் பாவாயி, மடியில் ஸ்கேன் உறை.
மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்,
என் குரல் எனக்கே சரியாக இல்லை.

"போட்டாருங்க. பதினோரு வருசமா
நாங் கத்திக் கத்தி ஒரு நாளும் ஒழுங்காப் போட்டதில்லைங்க.
இன்னைக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு
லைட்டுகூடப் போடாம அவரே தேடி எடுத்துப் போட்டாரு.
ஏன்னா, இன்னைக்காச்சும்
உங்கிட்டப் பேச்சு வாங்காமப் போறேன்னாரு."

திட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த வார்த்தைகளோடு
நின்றேன்.
கதவுக்குப் பின்னால் பட்டை ஏறும் சத்தம் கேட்டது.
அந்த அம்மாளும் பேசவில்லை.
அது இறங்கி முடிக்கும்வரை
இருவரும் அப்படியே இருந்தோம்.