மூணாம் தரம்

அஞ்சு என்று சொல்ல
நான் ஒன்றிலிருந்து கிளம்ப வேண்டும்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று
படியேறிப் போய்த் தட்டினால்தான்
அஞ்சின் கதவு திறக்கும்.
நேராகப் போனால்
தெருவில் அந்த வீடே இல்லை.

மளிகைக் கடையில் முப்பத்தெட்டு ரூபாய்க்கு
முப்பத்தெட்டும் எண்ணுகிறேன்.
பின்னால் நிற்பவர்கள் முதலில் சிரித்தார்கள்.
இப்போது அதற்குள்
சில்லறை தேடி எடுத்துக்கொள்கிறார்கள்.

காசிமேட்டில் பதினெட்டு வருஷம்
ஏலம் கூறின வாய் இது.
விசைப்படகு கயிறு கட்டுமுன்னே
விலை என் நாக்கில் வந்து நிற்கும்.
அன்றைக்கு விடிகாலை நாலரை.
ஒரு கூடை வஞ்சிரம்.
ஒரு தரம் என்றேன்.
ரெண்டு தரம் என்றேன்.
விழுந்த பக்கமெல்லாம் ஐஸ் தண்ணி.
அது குளிரவில்லை என்பதுதான்
முதலில் புரிந்தது.

ஸ்டான்லியில் இருபத்து மூன்று நாள்.
தண்ணி கேட்க வாய் திறந்தால்
சாவி என்று வந்தது.
மகன் ஓடிப்போய் வீட்டுச் சாவி கொண்டுவந்தான்.
நான் அழுதேன்.
பீரோ சாவியும் கொண்டுவந்தான்.

வலது கால் என்னோடு வருகிறது,
என்னோடு பேசுவதில்லை.
செருப்பு கழன்றால்கூடச் சொல்லாது.
சூரியநாராயணா தெருவில் யாராவது கத்துவார்கள்,
'யக்கா, செருப்பு!'
இருபது தப்படி திரும்பி நடப்பேன்,
கோபம் காலின் மேலா தெருவின் மேலா
என்று தெரியாமல்.

ராத்திரி எட்டுக்கு மேல்
போன் என் இடது கையில்.
தசைப்பயிற்சிக்கு வரிசையில் உட்கார்ந்தபோது
ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கினோம்,
எங்களில் பாதிப் பேருக்கு
நம்பர் சொல்ல வராது என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மண்ணடி கவுஸ் பாய்க்கு
இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இல்லை.
வீட்டில் அரை வயிறுதான் போடுகிறார்கள் என்று
மருமகள்மேல் புகார்.
தட்டு, என்றேன். பாய். தட்டு.
தி. திரு. திருப்பு.
கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம்.
'அட, முட்டை இருக்கு!'

வியாசர்பாடி கிருபாகரனுக்கு முப்பத்தொரு வயசு.
எப்போ சரியாகும் அக்கா என்று தினமும் கேட்பான்.
தெரியாது என்பேன்.
பொய் சொல்ல நிறைய வார்த்தை வேண்டும்.
என்னிடம் அவ்வளவு கிடையாது.
அவனும் வைத்துவிட மாட்டான்.
ரெண்டு பேரும் கொசு அடிப்பதை
ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

எர்ணாவூர் ஏகவல்லி போன வாரம் கூப்பிட்டாள்.
புருஷன் ஜெயசீலன், கிரேன் ஓட்டினவர்.
நாலு மாசமாக ஒரு சத்தமில்லை.
அவர் காதில் போனை வைத்தாள்.
மூச்சு கேட்டது.
வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று
பின்வாங்கிக்கொண்டே இருந்தது.
டாக்டர் சொன்னது எதுவும்
எனக்கு ஞாபகம் வரவில்லை.
வாய் தானாக, 'ஒரு தரம்' என்றது.
காத்திருந்தேன்.
'ரெண்டு தரம்.'
துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த எவருக்கும்
அடுத்தது தெரியும்.
லாரி நின்றது.
நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.

'பேமானி.'

அவ்வளவு சுத்தமாக,
ஒரு எழுத்துகூட உடையாமல்.
ஏகவல்லி கத்தினாள், சிரித்தாள்,
யாரைச் சொன்னே, என்னையா அவங்களையா என்று
அவரை உலுக்கினாள்.
என் வாயும் எண்ணாமல் தட்டாமல்
'சோமாறி' என்று திருப்பிக் கொடுத்தது.
கெட்ட வார்த்தையெல்லாம் மேல் பரணில் இருக்கும்போல.
வெள்ளம் அங்கே ஏறவில்லை.

இப்போது டீக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான்,
ஸ்கூல் விட்டு வரும் மகளுக்கும் அதுதான்.
இழுத்துச் சொன்னால் பசி, வெட்டிச் சொன்னால் வலி.
ஏகவல்லி கணக்கு வைத்திருக்கிறாள்.
சாமி படத்தைப் பார்த்தும் ஒரு நாள் சொன்னாராம்.
அது எந்தக் கணக்கு என்று கேட்டாள்.

அந்தக் கூடை கடைசியில்
யாருக்குப் போச்சு என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
கேட்கலாம்தான்.
வஞ்சிரம் என்று வாயெடுத்தால்
இப்போதெல்லாம் நெத்திலி வருகிறது.