பத்து நிமிடத்துக்குள்

அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு.
வாழ்க்கைக் குறிப்பை நீங்களே எழுதிவிடுங்கள்,
பழைய செயலாளர், பத்து நிமிடத்துக்குள், என்றார்கள்.

அருமைநாயகம் ஐயர்.
பிறப்பு தைப்பிங், மலாயா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு.
தகப்பனார் ரயில்வேயில் கைகாட்டி இறக்குகிறவர்.
இதுவரை சரி. யாரும் மறுக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றெட்டு வயதை
எந்த முனையில் பிடித்துத் தூக்குவது?

ஜப்பான்காரன் காலத்தில்
மிஷன் ஆர்கனை விறகுக்கு உடைத்தார்கள்.
சாம்பலைக் கிளறி ஒரு பித்தளை நாக்கை எடுத்துவைத்தார்.
பசித்தால் அதை உதட்டில் வைத்து ஊதுவாராம்.
ஒரே சுரம்.
சோறு கிடைக்கும்வரை அதே சுரம்.

பிறகு கப்பல், நாகப்பட்டினம், வேதாகமக் கல்லூரி,
பிறகு எங்கள் தேவகோட்டை.
பர்மாக் கணக்கு மூழ்கியபின் பூட்டிக் கிடந்த
செட்டியார் வீட்டுக் கிட்டங்கிதான் அப்போது கோவில்.
முட்டை வெள்ளை பூசிய சுவர்,
ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாகத் திருப்பித் தரும்.
பிரசங்கத்துக்கு ஆகாது ஐயரே என்றோம்.
உள்ளே போய் ஒரு தடவை கைதட்டிப் பார்த்துவிட்டு
பாட்டுக்கு ஆகும் என்றார்.

மெதடிஸ்ட் சபையில் நாங்கள் நாற்பது பேர்.
மில்லில் நூல் சுற்றுகிறவர்கள், இரண்டு நர்சுகள்,
கருவூலத்தில் ஒரு குமாஸ்தா.
இதை வைத்து நான்கு குரல் பிரித்தார்.
எலி கடித்த ஆர்கன் துருத்திக்கு
பங்க்சர் கடை இபுராகிம் சைக்கிள் டியூப் ஒட்டினார்.
மழைக்காலத்தில் ரப்பர் மணக்க மணக்கப் பாடினோம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.
எழுபத்தொன்று, வைகாசி.
முதலாவதாக விசுவாசம் என்று முடித்து
இரண்டாவதாக என்று வாயெடுத்தார்.
தெருவில் சாமி புறப்பாடு. நாதஸ்வரம்.
ஐயர் ஒரு விரலைத் தூக்கினார்.
அங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
மூலை திரும்பித் தேர்முட்டிப் பக்கம் ஓசை மறையும்வரை
இரண்டாவது வரவில்லை.
பிறகும் வரவில்லை. எழுந்தார், ஆமென் என்றார், ஆசீர்வாதம் சொன்னார்.
ஆராதனைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இன்னும் இருக்கிறது:
பிரசங்கம் பாதி. காரணம் தோடி.

மேலிடத்துக்கு ஒரு புகார் போயிற்று.
ஆறு வருடம் அவரை எங்கோ கரிசல்காட்டுக்கு மாற்றினார்கள்,
ஆர்கன் இல்லாத ஊர்.
டியூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டித்தான்
அங்கே எல்லாப் பாட்டும் தொடங்கியதாம்,
கல்யாணப் பாட்டும் கல்லறைப் பாட்டும்.

ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்தார்.
புறப்பாடு போகிற அதே தெருவில்
மூன்றாவது வீடு, வாடகை எண்பது.
என்னைக் கூப்பிட்டு பேஸ் வரிசையில் கடைசியில் நிறுத்தினார்.
அடியில் நிற்கிறவன் ஆடக் கூடாது, என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
அந்தப் புகாரில் 'ற' எழுத்தெல்லாம்
ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கும்.
ஊரில் அப்படி அடிக்கிற தட்டச்சு எந்திரம் ஒன்றுதான்.
அது என் மேசையில் இருந்தது.

தொண்ணூறில் காது போயிற்று.
ஃபோர்க்கின் காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு
கண்ணை மூடி இருப்பார், எலும்பில் கேட்கிறது என்று.
நேற்று முன்தினமும் கேட்டாராம்.

இப்போது மணி இரண்டே கால்.
புகாரை எழுதவா விடவா என்று
மூன்று தாள் கிழித்தாயிற்று.
எழுதினால் அதில் ஒரு பொய்யையும் சொல்லியாக வேண்டும்:
'போதகர் ஆராதனையைப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்'
என்று அடித்திருந்தேன்.
பதினைந்தா, பத்தா, இருபதா, எனக்குத் தெரியாது.
கையில் கடிகாரம் இருந்தது.
நான் பார்க்கவில்லை.