இருவரும் போகாத இடங்கள்

ஒத்தக்கடை பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட
பதினோராம் நாள்,
யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
சோணைமுத்து ஊர்ப் பெயர்களாக எழுதினார்.
அழகர்கோயில். எழுதியவரே அடித்தார்;
பவளக்கொடியோடு போனது.
வைகை அணையை நான் அடித்தேன்.
திருப்பரங்குன்றத்துக்கு
இருவரும் ஒரே நேரத்தில் பேனாவுக்குக் கை நீட்டினோம்.
மிஞ்சியது மூன்று:
கீழடி, அரிட்டாபட்டி, குட்லாடம்பட்டி அருவி.
மூன்றும் மூன்று திசை.
"பெட்ரோல் நம்ம காசுதானே" என்றார்.
அந்த 'நம்ம' எனக்குப் புதுசு.

ஆல்டோவுக்குப் பதினேழு வயது.
ஏசி போட்டால் அது மேடு ஏறாது,
போடாவிட்டால் நான் வண்டி ஏறமாட்டேன் என்றேன்;
கண்ணாடியை இறக்கிச் சமாதானமானோம்.
முள் நாற்பதைத் தாண்டவில்லை.
சிலைமானில் எங்களை முந்திப்போன டிராக்டரிலிருந்து
ஒரு வைக்கோல் துரும்பு பறந்து
அவர் நரைமீசையில் வந்து உட்கார்ந்தது.
எடுக்கவா வேண்டாமா என்று
கீழடி வரை யோசித்தேன்.
டிக்கெட் கிழித்த பெண்தான்
"ஐயா மீசைல, எடுத்து விடுங்கம்மா" என்றாள்.
எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பானை ஓடு.
அதில் கீறிய பெயர்:
ஆதன்.
எங்கள் கூடையில் இருந்த எவர்சில்வர் தூக்கிலும்
ஒரு பெயர் உண்டு,
பவளக்கொடி என்று புள்ளி புள்ளியாய் வெட்டியது.
காலையில் அதில்தான் புளிச்சோறு கட்டினேன்,
பெயர் என்னைப் பார்க்காதபடி திருப்பி வைத்து.
ஆதனுக்குப் பிறகு அந்தப் பானையில்
யார் உலை வைத்தார்கள்?
குனிந்தேன். நெற்றி கண்ணாடியில் இடித்தது.
"தள்ளி நின்னு பாருங்க" என்றார் காவலாளி.

அரிட்டாபட்டிப் பாறை காலைச் சுட்டது.
பாதி ஏறி, நிழல் தேடி,
பாதியையே முழுசாக வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.
சுனைத் தண்ணீர் பாசிப்பயறு நிறத்தில் கிடந்தது.
மேலே ஒரு வல்லூறு
இறக்கையை அசைக்காமல் ஊரை அளந்தது.
"புளி தூக்கல்" என்றார்.
யாருடைய அளவுக்குத் தூக்கல் என்று நான் கேட்கவில்லை.
இன்னொரு கை வாங்கிக்கொண்டார்.

பிறகு வழியெல்லாம் நின்றோம்.
கொய்யா வாங்க ஒருதரம்,
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒருதரம்,
ஒரு கண்மாய்க் கரையில் சும்மா நிற்பதற்காகவே ஒருதரம்.
குட்லாடம்பட்டி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அருவி இல்லை.
அது இறங்கிய தடம் மட்டும் பாறையில் கறுப்பாய்,
அடியில் முழங்கால் அளவு தேங்கிய நீர்.
"தண்ணி வந்தா அந்தா, அந்த முக்குல பட்டு
இங்க வரைக்கும் தெறிக்கும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கதிரேசன் இருந்தபோது, ஒரு ஐப்பசி மாதம்.
சோணைமுத்து செருப்பைக் கழற்றித் தட்டினார்,
மண்ணே இல்லாத செருப்பை.
"ஆமா" என்றார்,
"தெறிக்கும். மூக்குக்கண்ணாடியே நனைஞ்சுபோகும்."

ஒரு குரங்கு எங்கள் கொய்யாவைத் திருடும்வரை
சிரித்துக்கொண்டிருந்தோம்.
திருடிய பிறகும்.

தேங்கிய நீரில் தூக்கைக் கழுவினேன்.
திரும்பும்போது மடியில் வைத்திருந்தேன்,
பெயர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல்.

வாடிப்பட்டியில் டீக்கு நிறுத்தினார்.
"ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி" என்றார்;
கம்மி எனக்கு என்று அவருக்கு எப்போது தெரிந்ததோ.
பத்திரிகையையும் பேனாவையும் கேட்டு வாங்கி
நான் அடித்த கோட்டுக்குக் கீழே
திரும்ப எழுதினேன்:
வைகை அணை.
வண்டியின் சூடான பானெட் மேல் வைத்து எழுதியதில்
எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.