பேச்சிராக்

ஆனேக்கல் தாலுகா, பட்டியலில் நாற்பத்தோராவது ஊர்.
பரப்பு இருநூற்றுப் பதினெட்டு ஏக்கர், ஆறு குண்டே.
கிழக்கே ஏரி; பாதி தண்ணீர், பாதி நுரை.
மேற்கே தைலமரம். வடக்கே
இன்னும் எங்கேயும் போய்ச் சேராத ஆறுவழிச் சாலை.
மக்கள்தொகை: பூஜ்யம்.

பிளேக் வந்த வருஷம் காலிசெய்து போனார்களாம்.
அன்றிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை
யாராவது வந்து
பூஜ்யம் பூஜ்யமாகத்தான் இருக்கிறதா
என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
இந்தமுறை நான்.
பேச்சிராக் என்றால் விளக்கில்லாத ஊர்
என்றார் கிராமக் கணக்கர் ருத்ரமுனி,
பைக்கைவிட்டு இறங்காமலே.

முள்ளுக்குள் ஒரு நடுகல்.
தடவித் தடவிப் பார்த்தேன், தமிழ் எழுத்து.
"இங்கேயுமா மேடம்?"
பெயர் இருந்த இடம் பெயர்ந்துபோய்
'பட்டான்' மட்டும் மிச்சம்.
பட்டவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பும்போது
தகரத் தடுப்புக்குப் பின்னால் குக்கர் விசில்.
பிரஞ்சி மாஜி, பொலாங்கீர் ஜில்லா, கம்பி கட்டுகிறவர்.
மனைவி ஜெமா. ஒரு மைத்துனன்.
பெயர் வைக்காத இருபது நாள் பெண் குழந்தை.
சொந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றேன்.
"பூட்டு" என்றார்.

செல்போன் செயலி ஏற்கவில்லை:
இவ்வூரில் வீடுகள் இல்லை.
"பக்கத்து ஊரோடு போட்டுவிடுங்கள் மேடம்,
பஸ் போய்விடும்."
காகிதத்தை எடுத்தேன். இருட்டிவிட்டது.
ஜெமா ஒரு கையில் பிள்ளையோடு
டார்ச்சைத் தட்டி
நான் எழுதும் இடத்தில் பிடித்தாள்.

நாலு என்று எழுதினேன்.
கல்லைச் சேர்க்கவில்லை.