பத்து நாள் பிந்தி

சாட்ஸ்வொர்த், யூனிட் மூன்று, கோயில் கல்யாண மண்டபம்.
கூரைத் தகரம் மாற்ற வினாடி வினா.
மேசைக்கு நானூறு ராண்ட், சமூசா தனிக்கணக்கு.
எங்கள் மேசையில் ஆறு பேர்:
பாதி ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்ட்,
மீதி பூபாலனின் தையல் ஆலை.

நான்காம் சுற்று: அமெரிக்கா.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
எண்பத்து மூன்றில், மெட்ரிக் வரலாற்றில்
எண்பத்தொரு மார்க் வாங்கியவள் நான்.

என்ன படித்தோம் அப்போது?
வேலையற்றவர்க்கு வேலை தந்த சட்டங்கள்,
மும்மூன்று எழுத்தாய்.
டென்னசி ஆற்றில் அணை கட்டிய கதை.
எந்த வியாழக்கிழமை வால் ஸ்ட்ரீட் சரிந்தது.
வெளியே உம்லத்துசானா பெருகி
பாலத்தில் பஸ் நின்றுபோன நாளிலும்
டென்னசியைத்தான் ஒப்பித்தோம்.
எங்கள் கப்பல் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை.
கரும்பு இருந்தது, ஒரே ஒரு படத்தில்.
வெட்டுகிறவன் முகம்
பக்கத்தின் மடிப்புக்குள் போயிருந்தது.

கேள்வி இருபத்தேழு.
"அடிமைகளை விடுவித்த ஜனாதிபதி
முதல்முறை தேர்தலில் வென்ற ஆண்டு?"
மணியை அடித்தேன்.
"ஆயிரத்து எண்ணூற்று அறுபது. நவம்பர் ஆறு."
சாகரன் முனுசாமி அட்டையைத் திருப்பினார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அறுபத்தொன்று."
"அது பதவியேற்ற வருஷம். மார்ச் மாசம்."
"அட்டையில் இருப்பதுதான் விடை, சிஸ்டர்."

அட்டை.
என் பாட்டனின் பாட்டன் பேரைக்
காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான் ஒரு குமாஸ்தா.
அந்தப் பிழைதான் இன்று என் பாஸ்போர்ட்டில்.
காகிதத்தோடு வழக்காடி
எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை.

ஆனாலும் எழுந்தேன்.
"எனக்கு எப்படித் தெரியும் என்றால்..."
அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங்.

மண்டபம் முழுக்க மை இருட்டு.
போன்களெல்லாம் வாசலில்
ஐஸ்க்ரீம் டப்பா ஒன்றில் பூட்டிக் கிடந்தன.
ஒரு வெளிச்சம் இல்லை.
முகம் தெரியாவிட்டால் வாய் துணிகிறது.

"ட்ரூரோ. மதராஸிலிருந்து.
நவம்பர் பதினாறு, அறுபது.
அந்தத் தேர்தலுக்குப் பத்து நாள் பிந்தி
டர்பனுக்கு வந்தது.
அங்கே ஒருவர் ஜெயித்த சேதி
இங்கே வந்து சேருமுன்னே
எங்கள் ஆட்களை எண்ணிப்
பங்கிட்டு முடித்தாயிற்று.
பேர்ப்பட்டியல் தேடி மூன்று லீவு நாள்
ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன்.
பேர் கிடைக்கவில்லை. தேதி ஒட்டிக்கொண்டது,
வார்டில் ஒட்டிக்கொள்ளும் சளி மாதிரி."

யாரும் பேசவில்லை.
பிறகு ஜன்னலோரம் ஒரு பெண்குரல்:
"பெல்விடியர். கல்கத்தா. அதே நவம்பர், இருபத்தாறு."
பின்னாலிருந்து: "உம்வோத்தி."
"நாங்களும் உம்வோத்தி! எந்தத் தடவை?"
"காங்கெல்லா. எங்கம்மா வழியில்.
அப்பா வழி தெரியாது."
"நாங்கள் சொந்த டிக்கெட்டில் வந்தவர்கள்"
என்றார் நகைக்கடை தேவசிகாமணி செட்டி.
அவர் நெஞ்சு நிமிர்ந்தது இருட்டிலும் தெரிந்தது.
"அப்பல்லோ பதினொன்று!"
ஒரு பொடியன் கத்தினான்.
சிரிப்பில் எங்கோ ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
வெளிச்சம் வந்ததும்
மறுபடி எதிர்மேசைக்காரர்கள் ஆனோம்.
சாகரன் அட்டையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
சாக்பீஸை எடுத்தார், கீழே வைத்தார்.
பலகையில் எங்கள் புள்ளி அப்படியே நின்றது.

"கேள்வி இருபத்தெட்டு.
எந்த ஊர்த் துறைமுகத்தில்
தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்?"

மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும்.
பூபாலன் என் முழங்கையை இடித்தான்.
மணி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன்,
இரண்டு கரண்டி,
அடிவரை கரையட்டும் என்று
அவசரப்படாமல்.