கல்லாவுக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டே பேருந்து என்பதை
நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்ற பிறகு
பலகையில் படித்தேன்.
ஒன்று போய்விட்டது.
இன்னொன்று நாலு இருபதுக்கு.

பெல்ஜியத்தின் தெற்கு மூலை.
செமுவா ஆறு ஊரை முக்கால் சுற்றுச் சுற்றி
போகவா வேண்டாமா என்று யோசித்துப் போகிறது.
பூட்டிய தபால் நிலையம், பூட்டிய ரொட்டிக்கடை,
ஜன்னலில் ஒரு பூனை, அதுவும் பூட்டியதுபோல.
திறந்திருந்தது ஒரே ஒரு கதவு.

நுழைந்ததும் ஐந்து தலைகள் திரும்பின.
ஐந்து போன்ஜூர்.
யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல்
குடை செருகும் பீப்பாயைப் பார்த்துச் சொன்னேன்.
எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

நான்கு பேர் சீட்டாட்டம்.
ஐந்தாவது, கடைக்காரி. பெயர் கிலேன்.
எழுதும்போது நடுவில் ஒரு எஸ் உண்டாம்,
அதை யாரும் எழுப்புவதில்லை.

குட்டிக் கோப்பையில் காபி,
ஓரத்தில் பட்டை மணக்கும் ஒரு பிஸ்கட்.
விலை இரண்டு யூரோ நொனாந்த்.
தொண்ணூறுக்கு 'நாலு இருபதும் பத்தும்' என்று
விமானத்தில் முழுக்க உருப்போட்டு வந்திருந்தேன்.
அது பாரிஸ் கணக்காம். இங்கே நொனாந்த், அவ்வளவுதான்.
சிரிக்க எனக்கு உரிமை இல்லை,
தொண்ணூறுக்குள் நூறை ஒளித்து வைத்தவர்கள் நாங்கள்.

தொலைபேசி அடித்தது.
கிலேன் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே சொல்: வாஷ்.
பாலாடைக்கட்டி டப்பாவில் படித்தது. பசு.
மீதியைக் கைகளால் சொன்னாள்:
தங்கையின் தொழுவம், கன்று, கால் முன்னால்.
சொல்லிக்கொண்டே ஏப்ரனைக் கழற்றி
என் கழுத்தில் மாட்டினாள்.
பத்து விரல் காட்டினாள்.
பத்து நிமிடம்.

சீட்டாடியவர்கள் நிமிரவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்
ஒரு காபிக்கடை வேறு இடம்.
காலடியில் ஒரு நாய் உறங்குவது தெரியும்.
சாக்லேட் டப்பா நிறையக் கடன் சீட்டுகள்.
நுழைகிறவர்களின் முகம் அல்ல,
கதவைத் தள்ளுவதற்கு முந்தைய முகம் தெரியும்,
இன்னும் யாருக்காகவும் தயாராகாதது.

அன்ஸெல்ம் வந்தார்.
வழக்கமானது, என்றார். அவர் வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்?
பொறுமையாகச் சுற்றி உள்ளே வந்து
மேல்தட்டுப் புட்டியைக் காட்டி
இரண்டு விரற்கடை அளந்து ஊற்றிக்கொண்டு
மறுபடி சுற்றிப் போய்
வாடிக்கையாளராக உட்கார்ந்து
மெர்சி என்றார்.

அவர் ரகரம் நாக்கில் இல்லை, தொண்டையில்.
நாங்கள் பள்ளியோடு விட்டுவந்த ஃ
இங்கே வேலைக்குச் சேர்ந்து
ஓய்வின்றி உழைப்பதைக் கண்டேன்.

சைக்கிளில் வந்த ஒரு ஜோடி
பழைய பாலத்துக்கு வழி கேட்டது.
ஏப்ரன் கட்டியவன் தெரியாது என்று சொல்லலாமா?
இடப்பக்கம் கைகாட்டினேன், உள்ளூர்க்காரனின் சலிப்போடு.
அங்கே பாலம் இருந்திருக்கட்டும்.

பால் நுரைக்கும் இயந்திரம் சீறும்போது
ஜன்னலில் நாலு இருபது போனது.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார், கிலேனுக்கு.
ஈரத்துணியோடு நான் கையசைத்தேன்.
பதறியிருக்க வேண்டும்.
நுரை நன்றாக வந்திருந்தது.

ஐந்தேகாலுக்கு வந்தாள்,
தலையில் வைக்கோல், முழங்கைவரை கழுவாத ரத்தம்.
கிடாரி, என்றாள் எல்லோருக்கும்.
அப்போதுதான் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் விட்டுப் போனாய்,
கைப்பேசியில் தட்டி மொழிபெயர்த்துக் கேட்டேன்.
நால்வரையும் முகவாயால் காட்டிச் சொன்னாள்,
கைப்பேசி வாசித்தது:
உன்னை எனக்குத் தெரியாது.
இவர்களைத் தெரியும்.

கல்லாவை எண்ணினாள்.
மாடியில் ஓர் அறை இருக்கிறது, காலை ஏழுக்குப் பேருந்து, என்றாள்.
ஏப்ரனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.
நீட்டிய கை
நீட்டியபடியே இருந்தது.

என் காபிக்கு.
இரண்டு நொனாந்த்.